முகூர்த்த நாளில் லோடு வந்தால்...

அரியலூரில் ஒரு டீக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர், சிமென்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய லாரி என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். பெரம்பலூர் பக்கம் போனால் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் லோடு ஏறும். வெங்காயம் சென்னைக்குப் போகும், சோளம் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகும். பகல், ராத்திரி என்ற வித்தியாசமே இந்தச் சாலைகளுக்குக் கிடையாது.

அதே சாலையில், வைகாசியும் ஆவணியும் வந்துவிட்டால், இன்னொரு கூட்டமும் ஓடும். நாகஸ்வரத்தைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, தவிலை வேனுக்குள் ஏற்றிக்கொண்டு, விடிகாலை முகூர்த்தத்துக்கு விரையும் மேள செட்டுகள். பெரம்பலூரில் தொடங்கி அரியலூர் வழியாகப் போகும் சாலை, கொள்ளிடத்தைத் தாண்டியதும் தஞ்சை மண்ணில்தான் இறங்குகிறது. மேளச் சத்தத்துக்கு இந்தப் பக்கத்தில் எப்போதும் பஞ்சமிருந்ததில்லை.

மேளம் அடிக்கிறவரும் லாரி ஓட்டுகிறவரும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எல்லா நேரமும் அப்படி இல்லை. வாசிப்பை மட்டும் நம்பினால் வருஷம் முழுக்க அடுப்பு எரியாது என்பதால், ஆட்டோ, வேன், லாரி என்று ஸ்டியரிங்கைப் பிடித்த கலைஞர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. கனரக வாகன லைசென்ஸ் இருந்தால் சிமென்ட் ஊரில் வேலைக்கு அலைய வேண்டியதில்லை. கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது: லாரி ஏறிய கலைஞர் மேளத்துக்குத் திரும்பி வருகிறாரா?

காலண்டர் போடும் கணக்கு

ஒரு தவில் கலைஞரின் வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியிலும் இல்லை. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், தீமிதி நடக்கும். பம்பை, உடுக்கை செட்டுகளுக்கு அப்போது வேலை இருக்கும். கல்யாண மேளத்தை நம்பியவருக்கு அதிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மீதி ஒன்பது மாதத்திலும் முகூர்த்த நாள் என்று காலண்டரில் வருவது சில நாட்கள்தான். அந்த நாட்களில் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கூப்பிடுவார்கள். முகூர்த்தம் முடிந்த மறுநாள் முதல் போன் அடிக்காது.

மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் முகூர்த்தம் தெரியாதே! அவை மாதா மாதம் வரும். லாரியில் அந்தப் பிரச்னை இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு, படிக்காசு இவ்வளவு என்று கைக்கு வந்துவிடும்.

இதைப் பளிச்சென்று காட்டிய வருஷம் 2020. மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு வந்தது. அது பங்குனி மாதம். பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தங்கள் என்று கலைஞர்களின் மொத்த சீஸனும் வரிசையாகக் காத்திருந்த நேரம். கோயில் கதவு மூடியது. கல்யாணங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு வீட்டுக்குள் முடிந்தன. அடுத்த வருஷமும் அதே மாதங்களில் இரண்டாவது அலை வந்தது. மேளம் இரண்டு சீஸன் மௌனமாக இருந்தபோதும், அரிசியும் காய்கறியும் மருந்தும் ஏற்றிய லாரிகள் ஓடின. எது சோறு போடும் என்பதை அந்த இரண்டு வருஷம் பல வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஒருவர் போனால் செட் போகும்

லாரிக்கு ஒரு டிரைவர் வராவிட்டால் வேறொரு டிரைவர் ஏறிக்கொள்வார். மேள செட் அப்படி நடக்காது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், சுருதிப் பெட்டி என்று அது ஒரு குடும்பம் மாதிரி. நாகஸ்வரக்காரர் எந்த இடத்தில் மூச்சு எடுப்பார், எந்த இடத்தில் நிறுத்துவார் என்பது பக்கத்தில் நிற்கிற தவில்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் சேர்ந்து வாசித்துத்தான் அது வரும். காசு கொடுத்துக் கடைசி நிமிஷத்தில் ஒருவரைக் கூட்டி வரலாம். அவர் தாளம் தப்பாமல் வாசிக்கலாம். ஆனால், அது ஆறு பேர் சேர்ந்து நிற்பது, செட் ஆகாது.

இங்கேதான் லோக்கல் வண்டிக்கும் லைன் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாகிறது. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றுகிற டிப்பர் டிரைவர் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடுவார். சாயங்காலம் செட்டோடு உட்காரலாம். கையில் வரும் காசு குறைவு. நேஷனல் பெர்மிட் வண்டியில் ஏறி மகாராஷ்டிரா, குஜராத் என்று வடக்கே போனால் காசு கூட வரும். ஆனால் லோடு இறக்கி, திரும்பி வர இன்னொரு லோடு கிடைக்கும்வரை காத்திருந்து, ஊர் வந்து சேர இரண்டு வாரம்கூட ஆகிவிடலாம். நடுவில் ஒரு முகூர்த்தம் வந்தால்? ‘அண்ணே, 12-ம் தேதி நம்ம மாமா வீட்டுக் கல்யாணம், வந்துடுவீங்கல்ல?’ என்று நாகஸ்வரக்காரர் கேட்கும்போது, நாக்பூர் தாண்டி எங்கேயோ நிற்கிறவர் என்ன பதில் சொல்வார்?

இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது தடவை அந்த போன் வராது. அது கோபத்தில் நிற்கிற போன் இல்லை. ‘பாவம், வண்டில இருப்பாரு’ என்ற இரக்கத்திலேயே நின்றுவிடும்.

கை, காது, மூச்சு

தவிலின் வலது பக்கத்தைக் கூடு மாட்டிய விரல்களால் வாசிக்க வேண்டும். இடது பக்கத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும். பல கிலோ எடையைத் தோளில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் நின்று வாசிக்கிற வாத்தியம் அது. லாரி சீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து குலுங்கியவருக்கு முதலில் மக்கர் செய்வது இடுப்பு. நாகஸ்வரக்காரருக்கோ மூச்சுதான் மூலதனம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் காதுக்கான எல்லை என்பார்கள். என்ஜின் இரைச்சலையும் ஏர் ஹாரனையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, நுணுக்கமான சுருதி விலகலைப் பிடிக்கத் தடுமாறினால் அது வித்தையின் குறை இல்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். வெயிலுக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால், ஜன்னலை மூடிக்கொண்டு போக முடிந்தால் தூசியும் இரைச்சலும் குறையும். பாடுகிற தொண்டைக்கும் ஊதுகிற மூச்சுக்கும் அது சின்ன உதவி இல்லை. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அது சாலையில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை எந்த டிரைவரிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

வண்டியும் பாட்டும் பரம விரோதிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாட்டுப்புறப் பாடல்களில் வண்டிக்காரன் பாட்டு என்றே ஒரு வகை உண்டு. மாட்டு வண்டிக் காலத்தில், ராத்திரி முழுக்கப் பாரம் இழுத்துப் போனவர்கள் தூக்கம் வராமல் இருக்கத் தெம்மாங்கு பாடினார்கள். பின்னால் வருகிற வண்டிக்காரர் பதில் பாட்டு எடுப்பார். இன்றைக்கு லாரிக்காரர் நள்ளிரவில் இளையராஜா பாட்டை ஓடவிட்டுக் கூடவே பாடுவது அதன் தொடர்ச்சிதான். தவில்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி. வாத்தியம் வீட்டில் இருந்தாலும் சொல்கட்டு வாயில் இருக்கிறது. தாபாவில் வண்டியை நிறுத்தி, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ‘தரிகிட’ சொல்லிக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கூட வாசிக்கத்தான் ஆள் இருக்காது.

குன்னத்தில் ஒரு சங்கீதக்காரர்

இந்த மண்ணில் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த சங்கீதக்காரர் என்றால் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்: வேங்கடசுப்பையர். உ.வே.சாமிநாதையரின் அப்பா. உடையார்பாளையம் ஜமீனில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் படித்தவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடி இராமாயணக் கதை சொல்வது அவர் தொழில். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் பழக்கமானவை. குன்னமும் செங்கணமும் இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கின்றன.

அவருக்கும் நிலையான வருமானம் கிடையாது. ஒரு ஊரில் ஆதரவு குறைந்தால் அடுத்த ஊர். ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அவர் போன இடமெல்லாம் குடும்பமும் கூடப் போனது. சங்கீதமும் கூடப் போனது. பாடுவதற்காகத்தான் அவர் ஊர் மாறினார். போன ஊர்களில் மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடைத்தார்கள். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை படித்த அந்தப் பையன்தான், 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து, பின்னாளில் தமிழ்த் தாத்தா ஆனார்.

அன்றைக்கு நாடோடி வாழ்க்கைதான் சங்கீதத்துக்குச் சோறு போட்டது. இன்றைக்கு லைன் வண்டி ஏறுகிறவர் குடும்பத்தையும் வாத்தியத்தையும் ஒருசேர வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். சாலை அதேதான்; போகிற காரணம் மாறிவிட்டது.

எல்விஸும் ஓட்டினார்

உலகப் புகழ் பெற்ற எல்விஸ் பிரெஸ்லியும் டிரக் டிரைவர்தான். 1954-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் கிரவுன் எலக்ட்ரிக் என்ற கம்பெனியில் மின்சாரச் சாமான்களை டெலிவரி செய்துகொண்டிருந்தார். அந்த வேலையில் இருக்கும்போதே ஜூலை மாதம் சன் ஸ்டூடியோவில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். அவர் ஓட்டியது சொந்த ஊருக்குள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரிலேயே இருந்ததால்தான் ஸ்டூடியோ கூப்பிட்டபோது போக முடிந்தது.

தூர வண்டி ஓட்டி வழி கண்டுபிடித்தவரும் உண்டு. பக் ஓவன்ஸ் 1940-களின் கடைசியில் கலிஃபோர்னியாவுக்கு டிரக் ஓட்டிப் போனபோது பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரைப் பார்த்தார். பிடித்துப்போய் 1951-ல் அங்கேயே குடியேறினார். பிறகு அந்த ஊரின் பெயரிலேயே ஒரு பாணி உருவாக, அதன் பெரிய புள்ளி ஆனார். மிசிசிபியின் டி-மாடல் ஃபோர்டு கதை இன்னும் விசேஷம். டிரக் டிரைவராகவும் பிழைத்தவர். ஐம்பது வயதைத் தாண்டித்தான் கிடாரைத் தொட்டார். முதல் ஆல்பம் 1997-ல் வந்தபோது எழுபதை ஒட்டிய வயது.

இவர்கள் கதையைச் சொல்லி, ‘உழைத்தால் ஜெயிக்கலாம்’ என்று முடித்துவிடுவது சுலபம். கிடாரும் குரலும் தனி ஆள் வித்தை. எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகலாம். மேளம் கூட்டு வித்தை. அதற்குத் திறமையோடு சாயங்காலங்களும் வேண்டும்.

கல்யாண வீடு என்ன செய்யலாம்?

அந்தச் சாயங்காலங்களைத் திருப்பிக் கொடுக்க, கல்யாணம் வைக்கிற வீடுகளால் கொஞ்சம் முடியும்.

தேதி குறித்ததும் மண்டபத்துக்கும் சமையலுக்கும் அட்வான்ஸ் கொடுக்கிறோம். மேளத்துக்கு மட்டும் கடைசி வாரத்தில் போன் போடுகிறோம். மூன்று மாதம் முன்பே சொல்லி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டால், வண்டி ஓட்டுகிறவர் முதலாளியிடம் அந்தத் தேதிக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவிடலாம். கையில் முன்பணம் இருந்தால் ஒரு டிரிப்பை விடவும் துணிச்சல் வரும்.

பேசிய தொகையை மண்டபத்திலேயே, அன்றைக்கே கொடுத்துவிடலாம். முதல் பந்தியிலேயே சாப்பிடச் சொல்லலாம். மாப்பிள்ளை அழைப்பில் டிஜே பெட்டியை ஒரு பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு, அவர்கள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்கலாம். கலைஞர்களும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. லாரி லைசென்ஸை ஞாபகமாகப் புதுப்பிக்கிற கை, கலைஞர் அட்டையையும் மறக்காமல் இருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது, தவில்காரரின் கண் சிவந்திருந்தால் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்து, வண்டியை அரியலூரில் நிறுத்திவிட்டு, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறவராகவும் அவர் இருக்கலாம். அன்றைய லோடை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் உங்கள் முகூர்த்தத்துக்கு வந்திருப்பார்.