கால் தோல் உரியுதா? அந்த க்ரீமைத் தடவும் முன்

1/ ஏனாத்தூர்க்காரர், குழித்தறி நெசவாளர். "டாக்டர், கால் தோல் உரிஞ்சுது. சீன மூலிகை க்ரீம் போட்டேன், ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடுச்சு. தொடரலாமா?"

2/ வேண்டாம். அந்த வேகம்தான் எனக்குச் சந்தேகம். 1999ல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வில், பிரிட்டனில் நோயாளிகள் பயன்படுத்திய 11 சீன மூலிகை க்ரீம்களைப் பரிசோதித்தார்கள். 8ல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு!

3/ விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி உரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. நம்ம ஊர் சேற்றுப்புண். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். பூஞ்சை உள்ளே வசதியாகப் பரவும். க்ரீமை நிறுத்தினால் இன்னும் மோசமாகத் திரும்பும்.

4/ சீனாவை மட்டும் குறை சொல்லாதீங்க. மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்குற ஸ்டீராய்டு கலந்த க்ரீமும் இதே வேலையைத்தான் செய்யும்.

5/ செய்ய வேண்டியது: காலைக் கழுவி, விரல் இடுக்கை நல்லா உலர்த்துங்க. க்ளோட்ரிமசோல் க்ரீம், சரியான பிறகும் 2 வாரம். குதிகால் வறட்சி, வெடிப்பு மட்டும்னா வாசலின் போதும். சர்க்கரை இருந்தால் சுயவைத்தியமே வேண்டாம், நேரா டாக்டர்.

6/ ஜரிகை அசலா போலியான்னு உரசிப் பார்க்குற ஊர் நம்மது. காலில் தடவுறதுல என்ன கலந்திருக்குன்னும் கேளுங்க. லேபிள் இல்லாத டப்பாவை வாங்காதீங்க.