வாய் பொத்தினால் நோய் தீருமா?

கும்பிட்டு நில், கேள்வி கேளாதே, கொடுத்ததை வாங்கிக்கொள்! கோயில் வாயிலிலே இந்தக் கட்டளை ஒலித்தபோது, 'ஏன்?' என்று கேட்டது நம் இயக்கம். அதே கட்டளை மருத்துவமனை வாயிலில் ஒலிக்கிறது, கேட்பாரில்லை! அர்ச்சகரின் மந்திரம் புரியாதது போலவே மருத்துவரின் சீட்டும் ஏழைக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்டால் அங்கே அபசாரம், இங்கே அதட்டல். சூடத்தட்டு இருந்த இடத்தில் ஊசியை வைத்துவிட்டால் பகுத்தறிவு வந்துவிட்டதாகப் பொருளா, தோழர்களே?

கல்வராயன் மலையை எண்ணிப் பாருங்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்து, 1976-ல்தான் அங்கே ஜாகீர் ஆட்சி ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி வாய்பொத்தி நிற்கப் பழக்கப்பட்ட மலைமக்களைப் பார்த்து, 'மருந்தை விட்டு மந்திரவாதியைத் தேடும் மடையர்கள்' என்று ஏளனம் பேசுவோர் உண்டு. நம்மிலும் உண்டு! மந்திரவாதம் ஒழியத்தான் வேண்டும். ஆனால் மந்திரவாதி குடிசைக்கு வருகிறான், அருகே அமர்கிறான், கதை கேட்கிறான். தொட்டிலில் கட்டித் தூக்கி வரப்பட்ட கர்ப்பிணியிடம் பெயரும் வயதும் தவிர நம் மருத்துவம் எதைக் கேட்கிறது? மடமையை வீழ்த்த அறிவுக்கு நாவு மட்டும் போதாது, செவியும் வேண்டும்.

செவியற்ற ஆட்சிமுறை என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கண்டது. கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்ற மணிக்கணக்கில் ஆகிறது. பிறகே கண் மங்குகிறது, மூச்சு திணறுகிறது. அந்த இடைவேளைதான் உயிர் காக்கும் வேளை! மாற்று மருந்து உண்டு. இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. நோயாளி வரவேண்டும், வருவதற்கு அவனுக்குச் செய்தி தெரியவேண்டும். ஆனால் முதற்பிணங்கள் விழுந்தபோது, காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்றே அதிகாரத்தின் வாய் உரைத்தது! பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. உதவி தேவைதான். ஆனால், 'குடித்தவர்கள் அஞ்சாமல் வாருங்கள், கண் மங்கும்வரை காத்திராதீர்கள்' என்று அன்றே ஒலிபெருக்கியில் தெருத்தெருவாய் அழைத்திருந்தால், அதற்கு எத்தனை லட்சம் செலவாகியிருக்கும்?

நோயாளிக்கு என்ன தெரியும் என்கிறார்கள். 1840-களின் வியன்னாவைக் கேளுங்கள்! அங்கே ஒரு பிரசவக் கூடத்தில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர் கூடத்தில் சாவு மிகுதி. அங்கே அனுப்பாதீர்கள் என்று ஏழைக் கர்ப்பிணிகள் மண்டியிட்டு மன்றாடினர். மேதைகள் காற்றைப் பழித்தனர். 1847-ல் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே கேடு எனக் கண்டு, குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார், சாவு சரிந்தது. எது கொல்லும் கூடம் என்பதைப் பட்டம் பெற்றவர் ஏற்குமுன் பாமரப் பெண் அறிந்திருந்தாள்!

வியன்னா தொலைவு என்பீர்களா? கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு தொலைவல்லவே! 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவ இணையர் அங்கே ஒரு குடிசையில் பணி தொடங்கினர். மலைப்பெண்களையே செவிலியராகவும் ஊர் நலப் பணியாளராகவும் பயிற்றினர். ஆயிரத்துக்கு 147 என்றிருந்த சிசு மரணம் 20 அளவுக்கு இறங்கியது. எந்தப் பெண்களை அறியாதவர்கள் என்றார்களோ, அவர்கள் துணையால் விளைந்த வெற்றி இது. மலையின் ஒரு சரிவில் விளைந்த பாடம் மறுசரிவுக்கு ஏன் ஏறி வரவில்லை? மக்கள் தம் நலப்பணியைத் திட்டமிடுவதில் பங்குபெறுவது உரிமையும் கடமையும் ஆகும் என்று 1978-ல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் முழங்கினவே, அந்த முழக்கம் எந்தக் கோப்பில் உறங்குகிறது?

2022-ல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, மகிழ்கிறோம். மலைமக்களின் வாழ்நிலையை 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது; வரவேற்கிறோம். ஆனால் கட்டடமும் கட்டளையும் மட்டும் நோய் தீர்க்கா. நோயாளர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் நோயாளியின் நாற்காலி எங்கே? வெள்ளிமலையின் தாய்மார்க்கு அங்கே இடம் வேண்டும். நோயின் பெயரும் மருந்தின் பயனும் தமிழிலே சொல்லப்பட வேண்டும். ஒவ்வொரு பிரசவச் சாவும் உறவினர் முன்னிலையில் ஆராயப்பட்டு, ஓர் ஊர் கற்ற பாடம் அடுத்த ஊருக்கு எட்ட வேண்டும்.

இளைஞர்களே! மேடையில் மூடநம்பிக்கையைச் சாடுவது எளிது. மலையேறுங்கள். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். நோயாளியின் பக்கத்தில் நின்று, 'ஏன்?' என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். கடவுளிடமே கேள்வி கேட்ட கூட்டம், மருத்துவரிடம் கேட்க அஞ்சலாமா?