முன் சக்கரம் முணுமுணுத்தபோது...

வாசலில் கோலம் போடும்போது கண்ணில் படுகிற விஷயங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். போன மாசி மாதம் என் கண்ணில் பட்டது எங்கள் காரின் முன் டயர்! குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். டயரின் வெளிப்பக்கம் பட்டன் பட்டனாக நன்றாக இருக்கிறது. உள்பக்க ஓரமோ வழுக்கைத் தலை மாதிரி மழுங்கிக் கிடக்கிறது. இந்தப் பக்கத்தில் காரைப் பற்றியா என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுடையது 2008-ல் வாங்கிய மாருதி 800. 1983 டிசம்பரில் வர ஆரம்பித்து, 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன வண்டி. ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து ராஜவாய்க்காலை ஒட்டி வேலூர் போகும் சாலையில், கரும்பு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே அதற்கு வயசாகிவிட்டது. (வேலூர் என்றால் பரமத்தி வேலூர்.) சில மாதங்களாக வேகத்தடை வந்தால் முன்னால் 'கடக் கடக்' என்று ஒரு சத்தம். நேராகப் போகும்போதே ஸ்டீரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது.

"ஏனுங்க, இது என்ன சத்தமுங்க?" என்று கேட்டால், எங்கள் வீட்டுக்காரர், "பழைய வண்டின்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும். உனக்கும் எனக்கும் முட்டியில வரலையா?" என்பார்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அப்போது பெரிய மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். பரிசோதனைக்கு நாமக்கல்லுக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும். வலி எடுத்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் இதே வண்டிதான்.

நல்ல வேளையாக என் கொழுந்தனார் ஊரில் இருந்தார். திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வடக்கே போகிறவர். லாரி வேலை எல்லாம் அத்துப்படி. "அண்ணி, உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் லேசா ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். கீழே கையை வைத்துப் பார்த்தவர், "ஆச்சு! டை ராட் எண்டு போயிருச்சுங்க" என்றார்.

அது என்ன என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நாம் ஸ்டீரிங்கைத் திருப்புவது ஒரு கம்பி வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. கம்பியின் முனையில் நம் தோள்பட்டை மூட்டு மாதிரி ஒரு குண்டு, ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதுதான் டை ராட் எண்ட். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் கைக்கு லோயர் ஆர்ம் என்று பெயர். அதன் ஒரு முனையில் அதே மாதிரி பால் ஜாயிண்ட், மறுமுனையில் ரப்பர் புஷ். குண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே! பிறகு அரைபட்டுத் தேய்கிறது. என் மாமனார் காலத்து அம்பாசிடருக்கு அவ்வப்போது கிரீஸ் அடிப்பார்கள். இதற்கு அந்த வழியில்லை. தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். முற்றிலும் கழன்றுவிட்டால் ஸ்டீரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இதைக் கேட்டதும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சாமான் வாங்கி வந்து வீட்டிலேயே மாற்றலாம் என்று முடிவாயிற்று. இரண்டு பக்கமும் ஜோடியாக. லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட்டும் புஷ்ஷும் சேர்ந்தே முழுசாக வந்தது.

இனி நடந்த விபரீதத்தைச் சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் அவசரப்பட்டு, சாணி மெழுகிய வாசலிலேயே ஜாக்கியைப் போட்டுத் தூக்கினார்கள். தம்பி சக்கரத்தைக் கழற்றி, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஸ்பேனர் எடுக்கத் திரும்பினார். என் மூன்று வயதுப் பேரன் பந்தைத் தேடிக்கொண்டு வண்டிக்கு அருகில் போனான். நான் போய் இழுத்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம் ஜாக்கியின் அடி மண்ணில் அமுங்கிச் சாய, வண்டி 'தட்' என்று இறங்கியது! கழற்றிய சக்கரத்தைத் தம்பி முன்யோசனையாக அடியில் தள்ளி வைத்திருந்தார். வண்டி அதன் மேல் உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு வண்டியை நெல் காயப்போடும் சிமெண்ட் களத்துக்கு மெதுவாக ஓட்டிப் போனோம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், ஹேண்ட் பிரேக், டிராக்டர் பட்டறையில் இரவல் வாங்கிய இரும்பு ஸ்டாண்டு இரண்டு. ஜாக்கி தூக்க மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. செங்கலை அடுக்குவதும் ஆகாதாம், பாரம் ஏறினால் பொடிந்துவிடும். பேரனை அவன் அம்மா கதவைச் சாத்தி உள்ளே வைத்துக்கொண்டாள்.

தம்பி சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இருந்தது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. நின்றிருந்தால் பேரிங் கோளாறாம். நிற்காததால் பால் ஜாயிண்ட்டேதான்.

கழற்றும் நட்டுகளை வைக்க நான் கொடுத்தது ஒரு பழைய இட்லித் தட்டு! குழிக்கு ஒரு நட்டு, கழற்றிய வரிசைப்படி. இதைத் தம்பி இன்னும் சொல்லிச் சொல்லி மெச்சுகிறார். டை ராட் எண்டின் ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, குண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு போடு போட்டார். 'டக்' என்று கழன்றது. பழசைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணும் வேலை எனக்கு. பதினேழு. புதுசையும் பதினேழு சுற்றே ஏற்றினார். ஸ்ப்ளிட் பின் மட்டும் புதுசுதான் போட வேண்டும். பழசை நிமிர்த்திப் போடுவதோ, கட்டுக்கம்பி செருகுவதோ கூடவே கூடாது.

லோயர் ஆர்ம் போல்ட்டை முதலில் சும்மா பிடித்து மட்டும் வைத்தார். சக்கரத்தை மாட்டி, வண்டியைக் கீழே இறக்கி, அதன் பாரம் விழுந்த பிறகுதான் இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால், பிழிந்த ஈரத்துணி மாதிரி ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும் என்றார். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, மறுநாள் ஓட்டிய பிறகு இன்னொரு தரமும் பார்த்தார். மேலே சுருள் ஸ்பிரிங்கோடு இருக்கும் ஸ்ட்ரட்டை மட்டும் தொடவில்லை. ஆவி அடங்காத குக்கர் மூடியைத் திறக்கிற கதை அது! அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும். அதற்கென்று கருவி வைத்திருக்கும் பட்டறைக்காரர்தான் தொட வேண்டும்.

அன்று சாயந்திரம் மூவர் கையும் கரி. ஆண்கள் டீசலை எடுத்தார்கள், நான் பிடுங்கிக்கொண்டேன். தோல் வறண்டு வெடிக்கும். முதலில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு அரப்புத் தூள் போட்டுக் கழுவினால் போதும், நகக்கண்ணில் இருப்பதுகூடப் போய்விடும்.

பதினேழு சுற்றை நான் எவ்வளவு சரியாக எண்ணியிருந்தாலும், வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் விடக்கூடாதாம். மெதுவாக நாமக்கல் போய்ப் பார்த்தோம். முன் சக்கரங்கள் கொஞ்சம் விலகித்தான் நின்றிருந்தன; சரி செய்தார்கள். டயர் உள்பக்கம் மட்டும் மழுங்கியதற்கும் இந்தக் கோணல்தான் காரணமாம். மழுங்கிய டயர்களை அங்கேயே மாற்றிவிட்டோம்.

உங்கள் வீட்டு வண்டியில் ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுத்தாலோ, சும்மா ஆடினாலோ, வேகத்தடையில் சத்தம் வந்தாலோ, டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, 'பழைய வண்டிதானே' என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கைதேர்ந்த ஆள் கூட இல்லையென்றால் வீட்டில் கழற்றவும் விடாதீர்கள், பட்டறைக்கே அனுப்புங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போனோம். முதல் வேகத்தடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை.

"அம்மா, பின்னாடி கதவு என்னமோ கிறீச் கிறீச்சுங்குதே!" என்றாள் மகள்.

இத்தனை நாளும் முன்னால் வந்த சத்தத்தில் அது கேட்கவே இல்லை, பாருங்கள்!