கத்திரி சுட்டதா, கைத்தீ சுட்டதா?

மாசித் திங்களின் இரவுகளில் ஓமலூரினின்று கிழக்கே நோக்குவார்க்குச் சேர்வராயன் மலைச்சரிவில் செந்தழல்கோடு நெளிந்து ஊர்வது புதுக்காட்சியன்று. வேனில் தொடங்கியதும் மலை எரிகிறது. கீழேயுள்ள ஊர் "வெயிற்கொடுமை" என்று சொல்லிவிட்டு உறங்கப் போகிறது. விடிந்தால் "இயற்கைச் சீற்றம்" என்பர் சிலர். "அக்கினி நட்சத்திரம் நெருங்குகிறதன்றோ!" என்பர் ஐந்திறம் புரட்டுவோர்.

என்னே இவர்தம் அறிவு! அவ் வடசொற்றொடர் குறிக்கும் கத்திரி வெயில் தொடங்குவது சித்திரை 21-ஆம் நாளை ஒட்டி. சேலத்து மலைகள் எரிவதோ பெரும்பாலும் மாசியிலும் பங்குனியிலும்! அன்றியும், சித்திரை வைகாசியில் இப்பக்கத்தே இடியொடு கோடைமழை இறங்கிக் காட்டை நனைப்பது வழக்கம். சுடுவதாகப் பழிசுமத்தப்பெற்ற நாள்களே தீயவிக்கும் நாள்களாக உள்ளன. பிறவாத பிள்ளைமேல் கொலைப்பழி சுமத்துவாரும் உண்டோ?

இயற்கைக்குப் பங்கே இல்லை என்பதன்று. கொண்டல்மழை மார்கழியில் ஓய்கிறது. தையில் மரங்கள் சருகைக் கொட்டுகின்றன. புல் காய்ந்து முளியாகிறது. மலைச்சரிவோ தீக்கு ஏணி. மேலேறும் தழல் தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. பகலில் சூடேறிய காற்றும் மேல்நோக்கியே வீசுகிறது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது அறிவியலார் கணக்கு. 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் மலைநடை சென்றோர் தீயிடைச் சிக்கி, 23 பேர் மாண்டனர். அவர்களைச் சூழ்ந்ததும் காய்ந்த புற்சரிவில் ஏறிய தீயே. அன்றும் மாசிதான், கத்திரி பிறக்க ஏழு கிழமைக்குமேல் இருந்தது!

ஆயின் விறகடுக்குவது வேறு, கொள்ளி வைப்பது வேறு. இயற்கை விறகடுக்குகிறது. கொள்ளி வைப்பது யார்? கனடாவிலும் சைபீரியாவிலும் மழையின்றி விழும் மின்னல் பெருங்காடுகளை எரிப்பது உண்மையே. இங்கு மாசியில் இடியேது? மூங்கில் உரசுவதும் கல்லுருண்டு பொறி தெறிப்பதும் பேச்சில் மிகுதி, நடப்பில் அரிது. காட்டுத்தீகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை மாந்தரால் நேர்வன என்று நடுவணரசே ஒப்புகிறது. மலைச்சாலை வளைவில் வண்டியினின்று எறியும் அணையாத வெண்சுருட்டுத் துண்டு, குடித்துக் களித்தவர் அவிக்காமல் விட்டுப்போகும் அடுப்பு, காட்டோர நிலத்தில் தாளெரிக்கையில் தாவும் பொறி, புதுப்புல்லுக்காகக் கோடையில் இடும் தீ - இவையே கொள்ளி.

உடனே, "மலைவாணரே தீ வைக்கின்றனர்" என விரல் நீட்டும் கூட்டம் ஒன்றுண்டு. கத்திரிப் பொய்யினும் கொடிய பொய் இது. சேர்வராயனில் வாழ்வோர் மலையாளிகள். (சேரநாட்டார் அல்லர், மலையை ஆள்வோர் ஆதலின் அப்பெயர்.) காட்டைச் சுட்டுத் தினை விதைத்த நிலத்துக்குப் 'புனம்' என்று பெயரிட்ட மொழி தமிழ். எப்போது சுடுவது, எவ்வளவு சுடுவது, எங்கே நிறுத்துவது என்றறிந்த குடியே அச்சொல்லைப் படைத்திருக்க முடியும். 1820-களில் ஆங்கிலத் தண்டலர் காக்பர்ன் ஏற்காட்டில் குளம்பியை நட்டார். மலை தோட்டமாகத் தொடங்கிற்று. 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. காடு 'காப்புக்காடு' ஆயிற்று. அதனுள் தீயிடுவதும் ஆடுமாடு மேய்ப்பதும் குற்றமாயின. தீயை ஆளத் தெரிந்தவன் குற்றவாளி. தீயைக் கண்டறியாத அலுவலன் காவலன்!

அதன் விளைவை அயலிலேயே காணலாம். சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிளிகிரிரங்கன் மலையில் சோளகர், வேனில் முற்றுமுன் மெல்லிய சருகுத்தீ இடுவர். 'தரகு பெங்கி' என்பர். சருகு எரியும், மரம் நிற்கும். 1970-களில் அம்மலை விலங்குக் காப்பகமானதும் அது தடுக்கப்பட்டது. பின்னர் உண்ணிச்செடி காட்டை மூடிற்று என்று சோளகர் கூறுகின்றனர்; ஆய்வாளரும் அதனை எடுத்தெழுதியுள்ளனர். அச்செடியும் வெள்ளையன் தந்த கொடையே! 1809-இல் அழகுக்கென்று கொல்கத்தாப் பூங்காவில் நட்டது. இன்று சேர்வராயன் சரிவிலும் அதுவே புதர். தரையில் தவழும் தீயை மரக்கிளைக்கு ஏற்றுவதும் அது. எரிந்தபின் வேரினின்று முதலில் துளிர்ப்பதும் அது.

ஓமலூரார்க்கு இத்தீ அயலான் வீட்டுத் தீயன்று. ஊரை ஒட்டி ஓடிக் காவிரியில் கலக்கும் சரபங்க ஆறு பிறப்பது அம்மலையில்தான். சருகுமெத்தை எரிந்த மண்ணில் முதல்மழை உள்ளிறங்காது. மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அம்மண் படிவது கீழுள்ள ஏரிகளில். வற்றுவது கீழுள்ள கிணறுகள்.

இன்று செயற்கைக்கோள் தீப்பற்றிய இடத்தைக் காட்டிவிடுகிறது. பெயரிலேயே காட்டைத் துறந்து 'வனத்துறை'யாகிவிட்ட துறைக்குச் செய்தியும் போய்ச்சேர்கிறது. பச்சைத் தழை ஒடித்து நெருப்பை அடிக்கச் சரிவேறுவோருள் மலையூர் மக்களே முன்னிற்கின்றனர். அவர்க்குக் காட்டைக் காத்து ஆளும் உரிமையை 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் எழுத்தில் தந்துள்ளது. அவ்வுரிமையை ஊர்தோறும் கையில் கொடுக்கட்டும். தை முடியுமுன் தீத்தடுப்புக்கோடு வெட்டும் வேலையையும் அதற்குரிய கூலியையும் அவர்க்கே தரட்டும். எங்கே சருகைச் சுடலாம், எங்கே கூடாது என்று அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.