சாளைக்கு அல்ல, சேகோ ஆலைக்கு

மின்கம்பம் எட்டாத சாளைகளுக்கு, அதாவது தோட்டத்து வீடுகளுக்கு, ஸ்டிர்லிங் எஞ்சின் ஜெனரேட்டர் ஏற்றது என்ற யோசனை கேட்க நன்றாகவே இருக்கிறது. 1816-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் காப்புரிமை பெற்ற எஞ்சின் இது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்கம் சூடேறி விரிந்து, மறுபக்கம் குளிர்ந்து சுருங்கி பிஸ்டனை ஓட்டுகிறது. நெருப்பு வெளியே எரிவதால் எதை எரித்தாலும் சரி. மரவள்ளிக் குச்சியும் தேங்காய் மட்டையும் குவிந்து கிடக்கும் நாமக்கல் பக்கத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

கணக்குப் போட்டால் ஆசை வடிந்துவிடுகிறது. உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் உண்டு. வீட்டளவு எஞ்சின் அதில் 8 சதவீதத்தை மின்சாரமாக்கினால் ஒரு யூனிட்டுக்கு 3 கிலோ விறகு போகும். தினம் மூன்று யூனிட் செலவாகும் வீட்டுக்கு 9 கிலோ வேண்டும், அடுப்பைக் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கிலோவாட் சோலார் தகடு சும்மா கிடந்தே நாளுக்கு 4 யூனிட் தருகிறது. இரவுக்கும் ஐப்பசி மழைக்கும் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேட்டரியும், மூடிய வானம் நீடிக்கும் சில நாள்களுக்கு வாடகை ஜெனரேட்டரும், ஆண்டு முழுவதும் தீ மூட்டுவதைவிட மலிவு.

எஞ்சினைச் செய்ய ஆளில்லாமல் போகவில்லை. கரண்ட் இல்லாத ஊர்களில் ரேடியோ ஓட்ட நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் 200 வாட் செட் ஒன்றைத் தயாரித்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ சின்ன பேட்டரியிலேயே பாட ஆரம்பித்ததும் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. பின்னர் உமியை எரித்து ஓடும் 5 குதிரைத்திறன் எஞ்சின் சென்னையிலேயே தயாரானது, அதுவும் ஊரூராகப் பரவவில்லை. கோவைப் பட்டறைகள் நினைத்தால் விலையைக் குறைக்கலாம் என்பது பாதி உண்மை. 600 டிகிரிக்கு மேல் ஆண்டுக்கணக்கில் தாங்கும் தலைப்பகுதியும், அழுத்தக் காற்றை விடாத சீலும் லேத்தில் மட்டும் தீரும் விஷயங்கள் அல்ல.

இந்த எஞ்சினுக்கு இங்கே இடம் உண்டென்றால் அது மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேலத்துச் சேகோ ஆலை. மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து வரும் சாண எரிவாயு போன்ற வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கும். சுத்திகரிக்காமல் விட்டால் அது சாதாரண கேஸ் எஞ்சினின் உள்பாகங்களை அரித்துவிடும். வெளியே எரியும் எஞ்சினில் சிலிண்டருக்குள் அது போவதே இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் எஞ்சின் கக்கும் வெப்பத்தை, அதுவும் சேலத்துச் சித்திரையில், யாரும் கேட்கமாட்டார்கள். ஆலையிலோ, மழையில் சிமென்ட் களம் நனைந்து ஜவ்வரிசி காயாமல் கிடக்கும் நாள்களில், அதே வெப்பம் உலர்த்தப் பயன்படும். சுத்திகரிப்புக் கருவி போட்ட கேஸ் எஞ்சின்தான் இன்றும் மலிவு என்று ஆலைக்காரர்கள் சொல்வார்கள். இன்றைய விலையில் அது சரியாகவும் இருக்கலாம். 1981 முதல் ஆலைகளை ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஓர் ஆலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஆயில் மாற்றும் செலவு, சுத்திகரிப்புச் செலவு, மழைக்கால உலர்த்தல் மூன்றையும் எழுதி வைத்தால் போதும்.