தொழிலும் நாமும்: பெயர் ஒன்று, கடை மூன்று

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று அன்பர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். மாதுங்கா, செம்பூர், முலுந்து ஆகிய மூன்று இடங்களில் சிற்றுண்டிச் சாலை நடத்துபவர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தள்ளுவண்டியில் தொடங்கி, உழைப்பால் உயர்ந்தவர். அன்று அவர் முகம் வாடியிருந்தது.

மாதுங்காக் கடையில் பில் போடும் கருவி பழுதாயிற்றாம். செம்பூரிலிருந்த பழைய கருவியை வரவழைத்தார். மூன்று கடைகளிலும் வைஃபையின் பெயர் ஒன்றே, கடவுச்சொல்லும் ஒன்றே. ஆயினும் அக்கருவி இணைய மறுத்தது. மாலைக் கூட்டம் காத்து நின்று, பின் கலைந்தது. கல்லாவில் இருந்த பையனே கடவுச்சொல்லை மாற்றிவிட்டான் என்று கருதிய அன்பர், அவனை அன்றே வேலையினின்றும் நீக்கினார். அவன் ஊரிலிருந்து வந்து எட்டு மாதங்கூட ஆகவில்லை.

நாம் ரயில்வே குமாஸ்தா. இத்துறையில் நிபுணர் அல்லோம். எனினும் அலுவலகத்தில் இத்தகைய தொல்லைகளைக் கண்டு பழகியதால் அவருடன் சென்று பார்த்தோம். கடவுச்சொல்லை எவரும் மாற்றவில்லை. மாதுங்காவில் அண்மையில் புது ரூட்டர் வைத்தவர், பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ-3 என்று மட்டும் அமைத்துச் சென்றிருந்தார். அது 2018-இல் வெளிவந்த முறை. செம்பூர்க் கருவியோ 2004-இல் வந்த டபிள்யூபிஏ-2 ஒன்றையே அறிந்தது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றியதும் கருவி இணைந்துவிட்டது.

ரயில்வேயில் 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள் நாடு முழுமைக்கும் ஒன்றே. அவற்றின்கீழ் மண்டலந்தோறும் துணை விதிகள் உண்டு. அவற்றிற்கும்கீழ், அந்தந்த நிலையத்தின் பாதையமைப்பிற்கு ஏற்ப நிலையப் பணி விதிகள் உண்டு. ஆனால் நிலைய விதி பொது விதிக்கு முரணாதல் கூடாது. பல கடை வைத்திருப்போர்க்கும் இம்முறையே ஏற்றது.

எங்கும் ஒன்றாக இருக்க வேண்டியவை மூன்று: வைஃபையின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபட்டாலும் கருவி அதனை வேறு வைஃபையாகவே கொள்ளும். வாடிக்கையாளருக்கு இணைப்பு அளிப்பதாயின், தனிப் பெயரில், கடைக் கணக்கைத் தொடாதவாறு, மூன்றிடத்தும் ஒரே வகையாகப் பிரித்து வைத்தல் வேண்டும்.

இடத்திற்கு இடம் வேறுபட வேண்டியவையும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 என்னும் சேனல்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அக்கம்பக்கத்தார் எதனை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர் என்று பார்த்து, அந்தந்தக் கடைக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்க. மூன்று கடைகளையும் விபிஎன் வழியே இணைப்பதாயின் முகவரி வரிசையும் வேறுபட வேண்டும்: ஒன்றில் 192.168.1, மற்றவற்றில் 192.168.2, 192.168.3 என வைக்கலாம். ஒரே வரிசையாயின் எந்தக் கடையின் கருவிக்குச் செய்தி போக வேண்டும் என்பதில் குழப்பம் நேரும். ரூட்டரைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல் வைஃபைக்குரியதாக இருத்தல் ஆகாது. அதனை உரிமையாளரே காக்க வேண்டும்.

கடைகள் பெருகினால், ஓரிடத்திலிருந்தே எல்லா ரூட்டர்களுக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் ஏற்பாடுகள் உள்ளன. அவற்றில் வசதி பெரிது, ஆபத்தும் உண்டு. ஒரு பிழை நேர்ந்தால் அது ஒரே நொடியில் எல்லாக் கடைகளுக்கும் செல்லும். எனவே எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு கடையில், கூட்டமில்லாத வேளையில் சோதித்தல் நன்று. பணியாள் ஒருவர் விலகும்போது கடவுச்சொல்லை எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும்.

மூன்றே கடையுள்ளவர்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கடைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன அமைப்பு, யார் மாற்றினார், எந்தத் தேதி என்று எழுதி வருக. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதற்க.

அன்பர் மறுநாளே பையனை அழைத்து மன்னிப்புக் கேட்டார். அவன் திரும்பி வந்துவிட்டான். ஒழுங்காக வேலையும் பார்க்கிறான். ஆனால் முன்போல், "அண்ணாச்சி" என்று வாய் நிறைய அழைப்பதில்லையாம். ரூட்டர் மாற்றிய தேதி ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால் அவனைச் சந்தேகிக்க நேர்ந்திராது. பல கடை நடத்தும் நேயர்கள் இம்மாதமே அந்த நோட்டைத் தொடங்குவார்களாக.