பெரியவர் சொன்ன எண்

147573952589676412927.

இருபத்தொரு இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணை மாணவியர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டை அறுபத்தேழு தடவை எழுதி, ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையில் 1 கழித்தால் இது கிடைத்துவிடும். இது பகா எண்ணா, பகு எண்ணா என்பதுதான் கேள்வி.

பகா எண் என்று 1644-ஆம் ஆண்டில் எழுதியவர் பாரீஸ் நகரத் துறவியான மாரென் மெர்சென் அடிகளார். ஐரோப்பிய அறிஞர் பலர் தங்கள் ஆராய்ச்சிகளை அவருக்குக் கடிதமாக எழுதி அனுப்பிய காலம் அது. இரண்டின் அடுக்குகளில் 1 குறைத்தால் எவையெவை பகா எண்களாகும் என்று 257-ஆம் அடுக்கு வரை அவர் ஒரு பட்டியல் தந்தார். 67 அதில் இடம்பெற்றது. 232 ஆண்டுகள் அசையாமலும் இருந்தது.

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ், அது பகா எண் அன்று என்று காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அந்த எண் வகுபடும் என்று தெரிந்ததே தவிர, எதனால் வகுபடும் என்று அவருக்கும் தெரியவில்லை! அதைச் சொன்னவர் அமெரிக்கரான கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய கணித அறிஞர்கள் முன் அவர் வைத்த விடை:

193707721 × 761838257287.

இதற்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். (கோவிலுக்குப் போய் வந்த பிறகுதான் கணக்கில் உட்கார்ந்தார் என்று நம்புவோமாக.)

வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சிஸ்டர், பலகையில் இருக்கிற விடை எனக்கு வரவில்லையே" என்றால், அதை அடக்கமின்மை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. வீட்டிலோ, "புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, உனக்கென்ன அதிகம் தெரியும்?" என்று வாயை அடைக்கிறோம். இது சரியன்று என்பது என் கருத்து. கீழ்ப்படிதல் பெரிய புண்ணியந்தான். ஆனால் பெருக்கல் கணக்கு எந்தப் பெரியவருக்கும் கீழ்ப்படிவதில்லை. கேட்கும் பெண்ணிடம் சாக்கட்டியைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வதே முறை.

இக்கட்டுரையையும் அப்படியே நம்ப வேண்டாம். முதற்காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மேலும் கூட்டினால் 10, பிறகு 1. இரண்டாவதில் 64, 10, 1. பெரிய எண்ணில் 109, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றே, பொருந்துகிறது. ஆயினும் தவறான விடையும் சில வேளை இச்சோதனையில் தப்பிவிடும். முழுப் பெருக்கலையும் செய்தால்தான் உறுதி. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கோல் ஆண்டுக்கணக்கில் தேடியதை, ஒரு மாலைப்பொழுதில் தாளும் பென்சிலுமாகச் சரிபார்த்துவிடலாம்.

மெர்சென் பட்டியலில் மொத்தம் ஐந்து பிழைகள். 67, 257 இரண்டும் தவறாகச் சேர்ந்தவை; 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. அதனால் அவர் பெயருக்கு ஒரு குறைவும் வரவில்லை. 2024-இல் கண்டுபிடிக்கப்பட்ட, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணையும் மெர்சென் பகா எண் என்றே அழைக்கிறார்கள்.